பாத்திரக்கடைக்குப் பின்னால் ஒரு நந்தவனம்

என் மகள் ஒரு பையனைச் சொல்லி, இவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றபோது நான் ஒன்றும் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கவில்லை. அவளுக்கு வயது இருபத்தொன்பது. ஐந்து வருடமாக ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்து எனக்கே சலித்துப்போயிருந்தது. இரண்டு பேருக்கும் சென்னையில் ஒரே ஆபீஸ். பையனும் திருச்சிக்காரன்தான். அப்பாவுக்குக் கடைவீதியில் பாத்திரக்கடை. இதுவரைக்கும் எல்லாம் சரி. “அவங்க குடும்பத்துக்குன்னு ஒரு நந்தவனம் இருக்கும்மா. ரொம்பப் பழசு. ஸ்ரீரங்கத்துப் பக்கம் ஒரு பெருமாள் கோயிலுக்குத் தினம் சாயங்காலம் அங்கேருந்துதான் மாலை போகுது” என்று சொன்னாள் பாருங்கள், அங்கேதான் இது நமக்கு ஆகாது என்று முடிவு கட்டினேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், மதியத்துக்குள் போய்விட்டார். நானும் ரயில்வேதான். முப்பத்தொரு வருடம் டிக்கெட் பரிசோதகராக ஓடி ஓய்வு பெற்றவள். தலைமுறை தலைமுறையாகச் சாமிக்கு மாலை கொடுக்கிற குடும்பம், புருஷன் இல்லாத ஒரு சம்பந்தியைக் கல்யாணத்தில் எங்கே நிறுத்தும் என்று எனக்குத் தெரியாதா?

திருவானைக்காவலில் ஒரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். மேடையில் தாலி கட்டிக்கொண்டிருக்கிறார்கள், மேளம் காதைக் கிழிக்கிறது, பெண்ணைப் பெற்றவள் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்றுகொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் “சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களா” என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். என்னையும் கேட்டாள். ஆச்சுங்க என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்படி நிற்க என்னால் ஆகாது. என் பெண்ணுக்குக் கல்யாணமே ஆகாவிட்டாலும் சரி.

“ஒரே ஒரு தடவை வந்து பாரும்மா. பாத்துட்டு உனக்குப் பிடிக்கலைன்னா சொல்லு, விட்டுடறேன். சத்தியமா விட்டுடுவேன்” என்றாள் மகள். சொன்னால் செய்கிற பெண். அவள் முகத்தைப் பார்க்காமல் சரி என்றேன். வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் போனேன். ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான். காரணம் கண்டுபிடிப்பதில் எனக்கு முப்பத்தொரு வருட அனுபவம் உண்டு.

பையனின் அப்பா போனில் பேசினார். “வீட்டுல வேணாம்ங்க, ஓட்டலும் வேணாம். எங்க நந்தவனத்துலயே பாத்துக்கலாம். அது ஒரு ஹெரிட்டேஜுங்க, நீங்களும் பாத்த மாதிரி இருக்கும்.” ஹெரிட்டேஜாம். பெண் பார்க்கக் கூப்பிடுகிறாரா, டூர் கூட்டிப்போகிறாரா? ஆவணி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்றரை மணி. ஊரே கடைவீதியில் கிடக்கிற நேரம். இதைவிட நல்ல நேரம் அந்த மனிதருக்குக் கிடைக்கவில்லை.

மன்னார்புரத்தில் பஸ் ஏறி மெயின்கார்டு கேட்டில் இறங்கினோம். ஆடி முடிந்துவிட்டது, ஆடித் தள்ளுபடிப் பலகைகளை மட்டும் ஒருத்தனும் கழற்றவில்லை. ஆடிக்குத் தள்ளிய விலையை ஆவணியிலும் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள் என்றால் முதலில் எவ்வளவு ஏற்றி வைத்திருந்தார்கள் என்று வாங்குகிறவர்கள் யோசிக்க மாட்டார்களோ? யோசிக்கவில்லை. பிள்ளைகுட்டிகளோடு மொய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கடை வாசலில் ஸ்பீக்கர், “எதை எடுத்தாலும் நூறு ரூபாய், எதை எடுத்தாலும் நூறு ரூபாய்” என்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. என் காலை இரண்டு பேர் மிதித்தார்கள். ஒருத்தி மிதித்துவிட்டு என்னையே முறைத்தாள். பதிலுக்கு நானும் முறைத்தேன், போய்விட்டாள்.

பையன் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தான். தாடி. தாடி வைத்தால் அறிவாளி மாதிரி தெரியும் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யார் சொன்னார்களோ. “வணக்கம் ஆன்ட்டி, பையைக் குடுங்க” என்றான். கொடுக்கவில்லை. என் பையை நான் தூக்க மாட்டேனா? அவன் ஒன்றும் முகம் மாறாமல் முன்னால் நடந்தான். என் மகள் அவன் பக்கத்தில் போகவும் இல்லை, என்னை விட்டு வரவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் தவித்துக்கொண்டு வந்தாள்.

நந்தவனத்துக்கு வழி பாத்திரக்கடைக்கு உள்ளேதான். கல்லாவைத் தாண்டி, அண்டாவும் குண்டானும் கூரை வரைக்கும் அடுக்கின இடுக்கில், ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். என் தோள் பட்டு ஒரு தட்டு விழுந்து உருண்டு ஊரையே கூட்டியது. கடைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நல்ல ஹெரிட்டேஜ், எவர்சில்வருக்கு நடுவில். கடைசியில் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு கட்டைக் கதவு. மேலே கல்லில் செதுக்கி வைத்திருந்தார்கள்: யார் யாருக்குக் கொடுத்தது என்று. கொடுத்தவர் பேர் முழ நீளத்துக்கு, பெருமாள் பேர் கடுகு மாதிரி.

கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் சத்தம் குறைந்தது. அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நாலு பக்கமும் கடைகளின் முதுகு. ஏசி மிஷின்கள் சுவரில் தொங்கித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சுவர்களுக்கு நடுவில் ஒரு வீட்டு மனை அளவுக்குத் தோட்டம். ஒரு செண்பக மரம், ஒரு மகிழ மரம், வரிசையாக நந்தியாவட்டை, அரளி, மல்லிகைப் புதர்கள், பாத்தி பாத்தியாகத் துளசி. நடுவில் ஒரு செங்கல் கிணறு. இவ்வளவுதான். இதற்கா இத்தனை அலட்டல் என்று எனக்குத் தோன்றியது.

பையனின் அப்பா வெள்ளைச் சட்டையும் ஜவ்வாது வாசனையுமாக வந்து கையெடுத்துக் கும்பிட்டார். வாயெல்லாம் பல். “வாங்க சம்பந்திம்மா!” நான் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்குள் சம்பந்தியாக்கிவிட்டார். கடையில் பேரம் முடிவதற்கு முன்னால் பொட்டலம் கட்டுகிற பழக்கம் போலிருக்கிறது. அவர் மனைவி பின்னால் நின்றார். நெடுநெடுவென்று உயரம், பருத்திப் புடவை, தலையில் பூ இல்லை. கடையிலும் வேலை பார்க்கிறவர் என்று அந்தக் கையைப் பார்த்தாலே தெரிந்தது. “வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல தண்ணி குடிங்க” என்று சொம்பை நீட்டினார். குடித்தேன்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் வாயை மூடவில்லை. கதவருகில் நின்றபோது, “இந்தக் கிணறு இருநூறு வருஷத்துக் கிணறுங்க” என்றார். கிணற்றுக்குப் பக்கத்தில் போனதும், “முன்னூறு வருஷமா வத்தினதே இல்லைங்க” என்றார். செண்பக மரத்தடிக்குப் போய்ச் சேர்வதற்குள் நானூறு ஆகிவிட்டது. ரயிலில் டிக்கெட் கேட்டால் குழந்தைக்கு வயது குறையும். ஏழு வயதுப் பையனை நாலு என்பார்கள், அந்தப் பையன் என்னிடமே மூன்றாம் வகுப்புப் பாடத்தை ஒப்பிப்பான். இங்கே கிணற்றுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. இன்னும் ஒரு சுற்று சுற்றினால் சோழர் காலத்துக்கே போயிருப்போம்.

“எங்க முப்பாட்டனார் வச்ச ஏற்பாடுங்க. இந்தத் தோட்டத்துப் பூ, இந்தத் தோட்டத்து மாலை. மழையானாலும் சரி, வெள்ளமானாலும் சரி, ஒரு நாள் தவறினதில்ல” என்றார். சொல்லும்போது நெஞ்சு ஒரு அங்குலம் நிமிர்ந்தது.

“முப்பாட்டனார்னா நூத்தம்பது வருஷந்தானே ஆகும்?” என்று கேட்டேன். மகள் என் முழங்கையைக் கிள்ளினாள். அவர் சிரித்துக்கொண்டே, “அவருக்கு முன்னாடியும் இருந்திருக்குங்க” என்று நழுவினார்.

தோட்டக்காரர் ஒருவர் ஓரமாகப் பூப் பறித்துக்கொண்டிருந்தார். மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். கண் மட்டும்தான் தெரிந்தது. கொரோனா எல்லாம் போய் எத்தனை நாள் ஆயிற்று, இன்னும் இந்த மனிதருக்குப் பயம் தெளியவில்லையா என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் மகளிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்றும் குறித்துக்கொண்டேன். பறித்த பூவை ஒரு மூங்கில் கூடையில் போட்டுக்கொண்டே வந்தார். கூடையைத் தரையில் வைக்கவில்லை, இடுப்புக்கு மேலேயே பிடித்திருந்தார். அதையும் பார்த்தேன். பார்த்து என்ன? புரிந்துகொள்ள வேண்டுமே.

பறித்து முடித்து அவர் கூடையைப் பையனின் அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றில் கை கழுவப் போனார். அதே நேரம் கடையிலிருந்து டீ வந்தது, எவர்சில்வர் டம்ளர்களில், தட்டு நிறைய. கொண்டுவந்த கடைப் பையனால் தட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து கதவைத் தாண்ட முடியவில்லை. அந்த அம்மா சுற்றிலும் பார்த்தார். அவர் வீட்டுக்காரர் நானூறு வருடத்தைப் பற்றி என் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். “கொஞ்சம் பிடிச்சுக்குங்கக்கா, கீழ வச்சுடாதீங்க” என்று கூடையை என் கையில் கொடுத்துவிட்டு டீத்தட்டை வாங்கப் போனார்.

சாமிக்குப் போகிற பூக்கூடை, என் கையில். எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. இந்தப் பொம்பளைக்குத் தெரியாதா? என் நெற்றியைப் பார்க்கவில்லையா? பார்க்காமல் இருக்க முடியாது. தெரிந்துதான் கொடுத்திருக்கிறாள். எதற்கு? எனக்குக் கோபம்கூட வந்தது. கோபப்படத் தயாராக வந்தவளுக்குக் கோபப்பட இடம் கொடுக்காவிட்டால் வேறென்ன வரும்?

கூடையில் மேலே செண்பகம், கீழே மல்லிகை மொட்டு. பூக்காரி எங்கள் தெருவில் கூவிக்கொண்டு போகிற நேரத்தில் நான் கதவைச் சாத்திக்கொள்கிறவள். பதினொரு வருடமாக வீட்டில் சாமி படத்துக்குக்கூடச் செம்பருத்தியைத்தான் பறித்து வைக்கிறேன், அதற்கு வாசனை கிடையாது. என் மூக்கு தானாகப் போனது. குனிந்து, கூடைக்குள் முகத்தை வைத்து, நெஞ்சு நிறைய இழுத்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

“ஐயய்யோ!” என்று அலறினார் பையனின் அப்பா.

நிமிர்ந்து பார்த்தேன். தோட்டக்காரர் கிணற்றடியில் கையை உதறாமல் அப்படியே நின்றார். பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். என் மகளுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. என்ன ஆயிற்று என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. தோட்டக்காரர்தான் முகத்துத் துண்டை அவிழ்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “பெருமாளுக்குப் பறிக்கற பூவை மோந்து பாக்கக் கூடாதும்மா. நம்ம மூச்சுகூடப் படக்கூடாதுன்னுதான் துண்டு கட்டிக்கறது.”

அடக் கடவுளே. கொரோனா இல்லையா அது?

கையிலிருந்த கூடை கனத்தது. கீழேயும் வைக்கக் கூடாது, இனி சாமிக்கும் ஆகாது. வெட்கத்தில் காது சூடேறியது. ஆனால் என் புத்தி இருக்கிறதே, அது அந்த நேரத்திலும் ஓரமாக உட்கார்ந்து கணக்குப் போட்டது. இதோ, இப்போது பையனின் அப்பா சொல்லுவார். ‘உங்களை மாதிரி இருக்கிறவங்க’ என்று ஆரம்பிப்பார். ஆரம்பித்தவுடன் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாத்திரங்களைத் தள்ளிவிட்டு வெளியே போய்விடலாம். காத்துக்கொண்டு நின்றேன்.

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. கூடையைத்தான் பார்த்தார். “முன்னூறு வருஷம்” என்றார். அதிர்ச்சியில் நூறு வருடத்தைக் குறைத்துவிட்டார். “ஒரு நாள் தவறினதில்லையேங்க. இன்னிக்கு நான் என்ன பண்ணுவேன்?”

“என்ன பண்ணுவீங்க, மார்க்கெட்டுக்குப் போன் போடுவீங்க” என்றார் அவர் மனைவி, டீத்தட்டைக் கிணற்று மேடையில் வைத்துக்கொண்டே. “போன வாரம் மூணு நாள் மார்க்கெட் மாலைதானே போச்சு? பூ பத்தலைன்னு நீங்கதானே சொல்லி விட்டீங்க? மார்கழி பூரா அதுதானே?”

“ஏம்மா, அதை இப்ப…”

“இருக்கறதைச் சொன்னேன். அவங்க தெரியாம பண்ணிட்டாங்க. அவங்க முன்னாடி போய் ஒரு நாள் தவறினதில்லன்னு அழுதா அவங்களுக்கு எப்படி இருக்கும்?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்கவும் விரும்பவில்லை. மழையானாலும் வெள்ளமானாலும் என்று நெஞ்சை நிமிர்த்திய அந்த மனிதர் ஓரமாகப் போய், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, “அஞ்சு மணிக்குள்ள வந்துடணும்பா, துளசி நிறைய வச்சுக் கட்டு” என்று போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆஹா, என்ன பரம்பரை, என்ன கைங்கரியம்! டிக்கெட் இல்லாமலே முதல் வகுப்பில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு வருகிறவனை நூறு பேரைப் பார்த்திருக்கிறேன். கேட்கும் வரைக்கும்தான் அந்த மிடுக்கு. எனக்கு வேண்டிய காரணம் கிடைத்துவிட்டது. புளுகுக் குடும்பம், வேண்டாம் கண்ணு என்று பஸ்ஸில் சொல்லிவிடலாம்.

அந்த அம்மா என் கையிலிருந்து கூடையை வாங்கிக்கொண்டு கிணற்று மேடையில் உட்கார்ந்தார். எங்களையும் உட்காரச் சொன்னார். கூடையை மடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் சும்மா பார்த்தார். பிறகு அவரும் குனிந்து முகத்தை உள்ளே வைத்து முகர்ந்தார். முகர்ந்துவிட்டு நிமிரவேயில்லை.

“முப்பத்திரண்டு வருஷம் ஆச்சுக்கா நான் இந்த வீட்டுக்கு வந்து” என்றார், கூடைக்குள்ளிருந்தே. “தினம் இந்தப் பூவைத் தொடறேன். வாசம் எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரியுது. தூரத்துலேருந்து காத்துல வர்றது வேற, இது வேற.”

எனக்கு அந்த அம்மாவைப் பிடிக்க ஆரம்பித்திருந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

வாழைநாரை நனைத்து வைத்திருந்தார்கள். அதை எடுத்து மல்லிகையைத் தொடுக்க ஆரம்பித்தார். கை என்னமாய் ஓடியது! ஒரு முழம் ஆனதும் என் மகளைக் கூப்பிட்டு, திரும்பி உட்காரச் சொல்லி, தலையில் வைத்துவிட்டார். “பெருமாளுக்கு ஆகலைன்னா பொண்ணுங்களுக்கு ஆகும். எங்க வீட்டுல இந்தத் தோட்டத்துப் பூவை வச்சுக்கற முதல் ஆள் நீதாம்மா.” தனக்கும் ஒரு துண்டு வைத்துக்கொண்டார். மூன்றாவதாக ஒரு துண்டை அறுத்து என் பக்கம் நீட்டினார்.

“நான் வைக்கறதில்லீங்க” என்றேன். சட்டென்று வந்துவிட்டது. கேட்பதற்கு முன்னாலேயே தயாராக வாய்க்குள் வைத்திருந்த மாதிரி.

“அப்படியா, சரிக்கா” என்று அந்த அம்மா வற்புறுத்தாமல் பூவை என் பக்கத்தில் மேடைமேல் வைத்தார். டீயை எடுத்துக் கொடுத்தார். ஊதிக் குடித்துக்கொண்டே, காய்கறி விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்: “எல்லாம் கூடி வந்தா அன்னிக்கு தாரை வார்த்துக் குடுக்கறது நீங்கதானேக்கா? எங்க பக்கத்துலயும் உங்க பக்கத்துலயும் முறை ஒண்ணுதானான்னு கேட்டுக்கலாம்னு.”

தாரை வார்ப்பது என்றால் பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்துத் தண்ணீர் விட்டுக் கொடுப்பது. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து செய்கிற காரியம். ஒருத்தர் இல்லாவிட்டால் வேறொரு தம்பதியை நிறுத்துவார்கள்.

“இல்லீங்க” என்றேன். “அதுக்கு என் கொழுந்தனாரும் அவர் சம்சாரமும் நிப்பாங்க. பேசி வச்சாச்சு.”

என் மகள் திரும்பினாள். “யாரு? சித்தப்பாவா?”

நான் டீயைப் பார்த்தேன்.

“எப்பம்மா பேசினே?”

“உனக்கு இருபத்தி நாலு நடக்கறப்ப” என்றேன். “மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சோமே, அப்பவே.”

“அவங்க வந்து கேட்டாங்களா?”

“இல்ல.”

“நீயா போய்ச் சொன்னியா?”

ஆமாம், நானாகத்தான் போனேன். பாலக்கரையில் அவர்கள் வீட்டுக்கு ஒரு கிலோ ஆப்பிளோடு போய், “எப்ப கல்யாணம் ஆனாலும் நீங்க ரெண்டு பேருந்தான் நின்னு குடுக்கணும்” என்று கேட்டேன். ஓரகத்திக்கு முகம் மலர்ந்துபோனது. அதற்கென்ன புடவை எடுப்பது என்று அன்றைக்கே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் பிறகு ஐந்து வருடமாக அவளைக் கண்டாலே எனக்கு ஆகவில்லை. என் இடத்தைப் பிடுங்கிக்கொண்டவள் என்று உள்ளுக்குள் வைதுகொண்டே இருந்தேன். கொடுத்தவள் நான் என்பது எனக்கு ஒரு நாளும் உறைத்ததில்லை.

என் மகள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். தலையிலிருந்த பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பையனின் அம்மாவிடம் சொன்னாள்: “எங்கம்மா குடுக்கலைன்னா நான் மணையில உக்கார மாட்டேன் ஆன்ட்டி. மன்னிச்சுக்குங்க. இது உங்க யார் மேலயும் இல்ல.” பையன் ஏதோ சொல்ல வந்தான், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“பிடிக்கலைன்னா சொல்லுன்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தேன். இப்ப சொல்லும்மா. உனக்கு யாரைப் பிடிக்கலை?”

சுவருக்கு அந்தப் பக்கம், எதை எடுத்தாலும் நூறு ரூபாய் என்று அந்த ஸ்பீக்கர் கத்திக்கொண்டே இருந்தது. நான் அந்த மூன்று முகங்களையும் பார்த்தேன். தாடிக்காரன் என் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அவளுக்கு வலிக்கிறதே என்று வலித்துக்கொண்டு. அந்த அம்மா நாரைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். தோட்டத்துக்குள் வந்ததிலிருந்து ஒருத்தர் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. சாமிக் கூடையைக் கையில் கொடுத்தார்கள். ஐந்து வருடத்துக்கு முன்னாலேயே என்னைச் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தியவள் நான்தான். யாரும் கேட்காமல், ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய். சீ என்று இருந்தது. எத்தனையோ பேரைப் பார்த்து அப்படி நினைத்திருக்கிறேன், அன்றைக்கு என்னைப் பார்த்து நினைத்தேன்.

“நானே குடுக்கறேன்” என்றேன்.

“சித்தப்பா?”

“அவங்ககிட்ட நான் பேசிக்கறேன். கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும்.”

போனை முடித்துக்கொண்டு பையனின் அப்பா அப்போதுதான் வந்து சேர்ந்தார். அரைகுறையாகக் காதில் விழுந்திருக்கிறது. மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “தாரை வார்க்கறதுக்கு… கூட யாரும் நிக்காம, நீங்க தனியாவாங்க? எனக்கு ஒண்ணும் இல்லை சம்பந்திம்மா. சபையில நாலு பேர் நாலு விதமா பேசுவாங்களேன்னுதான்.”

வந்துவிட்டது. காலையிலிருந்து நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த வாக்கியம், வார்த்தை மாறாமல். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் வரம் கிடைத்த மாதிரி எழுந்து போயிருப்பேன். என் மகளுக்கும் அது தெரியும். அவள் கை என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டது. நான் எழுந்தால் கூடவே எழுந்துவிடத் தயாராக இருந்தாள், சத்தியம் பண்ணிக்கொடுத்தவள் அல்லவா. பையனின் அம்மா வாயைத் திறந்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

“பேசட்டும்ங்க” என்றேன். “பெத்தவ நான். அந்த நாலு பேருக்கும் முன்னாடி நின்னு நான்தான் குடுப்பேன். நீங்க நாள் பாருங்க.”